பணயம் வைத்துப் பழகுதல்

தினமும் அரை மணி நேரமாவது சாதகம் செய்ய வேண்டும் என்று நினைக்காத இசை மாணவர் இல்லை. நினைத்தபடி செய்கிறவர்கள் குறைவு. வேலைக்குப் போய்க்கொண்டே நாற்பது வயதில் வயலினோ வீணையோ எடுத்தவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அவர்களுக்கு ஆர்வத்தில் குறையில்லை. வகுப்புக் கட்டணம் மாதந்தோறும் ஒழுங்காகப் போகிறது. கருவியையும் நல்லதாகப் பார்த்தே வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் வாரத்தில் பல நாள் பெட்டி மூடியபடியே இருக்கிறது. புதிய மொழி கற்பவர், சதுரங்கம் பயில்பவர், தினம் ஒரு பக்கம் எழுத நினைப்பவர், மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியைத் தொடங்கியவர் என்று பலரும் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

இதற்குச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று கொஞ்சம் முரட்டுத்தனமானது. செய்யாமல் விட்டால் பணம் போகும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது. ஒரு தொகையை நண்பரிடமோ நிறுவனத்திடமோ கொடுத்துவைக்க வேண்டும். சொன்னபடி செய்தால் திரும்ப வரும், தவறினால் போய்விடும். இந்த ஏற்பாட்டைப் பணய ஒப்பந்தம் என்று அழைக்கலாம். கடந்த 20 ஆண்டுகளாகப் பிலிப்பைன்ஸ், அமெரிக்கா, மைசூர், சென்னை என்று பல ஊர்களில் இதைக் களத்தில் சோதித்திருக்கிறார்கள். அந்த முடிவுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: ஆளைக் கொண்டுவந்து உட்கார வைப்பதில் பணயத்துக்கு உண்மையான வலிமை இருக்கிறது, உட்கார்ந்த பிறகு நடக்க வேண்டியதில் அதற்குக் கை இல்லை. இந்த எல்லையை மறந்து போட்ட ஒப்பந்தங்கள் பணத்தையும் கெடுத்து, பழக்கத்தையும் கெடுக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். முன்பே கட்டிவிட்ட கட்டணம் பணயம் ஆகாது. 'இவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன், இனி ஒழுங்காகப் போவேன்' என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதச் சந்தா 70 டாலருக்கு மேல். சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் போயிருக்கிறார்கள். அதாவது ஒரு முறைக்கு 17 டாலருக்கும் மேல் செலவு. பத்து முறைக்கான சீட்டை வாங்கியிருந்தால் முறைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். கட்டிய பணம் இன்று போனாலும் போகாவிட்டாலும் போனதுதான். இன்றைய செயலோடு அதற்குத் தொடர்பு அறுந்துவிட்டது. இன்று செய்யாவிட்டால் இன்று கையைவிட்டுப் போகும் பணம்தான் பணயம். இசைப் பள்ளிகளும் இணைய வகுப்புகளும் ஆண்டுக் கட்டணத்தை முதலிலேயே வாங்குவதால் மாணவருக்கு ஒழுங்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைவில் கொள்ளலாம்.

இந்தச் சிந்தனைக்குப் பெரிய பெயர் தாமஸ் ஷெல்லிங். அணு ஆயுதப் போட்டியைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அவர், 2005இல் பொருளியலுக்கான நோபல் பரிசை ராபர்ட் ஆமனுடன் பகிர்ந்துகொண்டார். இரு வல்லரசுகள் ஒன்றையொன்று எப்படிக் கட்டிப்போடுகின்றன என்று யோசித்தவர், ஒரே மனிதனுக்குள் இருக்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் எப்படிக் கட்டிப்போடலாம் என்றும் யோசித்தார். காலையில் புகைபிடிக்கக் கூடாது என்று முடிவெடுக்கிறவரும் இரவில் சிகரெட்டைத் தேடி அலைகிறவரும் அவர் பார்வையில் வேறு வேறு ஆட்கள். டென்வர் நகரில் கோகெயின் பழக்கத்திலிருந்து மீட்கும் ஒரு மையத்தில் கையாண்ட முறையை அவர் எழுதியிருக்கிறார். நோயாளி தன் போதைப் பழக்கத்தை ஒப்புக்கொண்டு தானே ஒரு கடிதம் எழுதி மையத்தில் கொடுத்துவைப்பார். சோதனையில் போதைப்பொருள் தெரிந்தால் அந்தக் கடிதம் உரியவருக்கு அனுப்பப்படும். ஒரு மருத்துவருக்கு அது தொழில் உரிமத்தையே பறிக்கக்கூடிய கடிதம். நல்ல புத்தியோடு இருக்கும்போது எழுதியது, புத்தி தடுமாறும்போது காவல் நிற்கிறது.

இந்தத் தடுமாற்றத்துக்குப் பொருளியலாளர்கள் சொல்லும் காரணம் எளியது. இன்றைய சிரமம் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு வர்ணத்தை மூன்று காலத்திலும் வாசிக்க முடியும் என்ற பலன் தொலைவில் மங்கலாகத் தெரிகிறது. நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் நாளையும் இதே கணக்குத்தான் வரும். பணயம் இந்தக் கணக்கில் ஒன்றை மாற்றுகிறது. தொலைவில் இருந்த விளைவை இன்றைய பொழுதுக்குள் கொண்டுவருகிறது. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த கோட்பாடு இதற்குத் துணை நிற்கிறது. ஒரு தொகையைப் பெறுவதில் வரும் மகிழ்ச்சியைவிட அதே தொகையை இழப்பதில் வரும் வலி பெரிது என்றார்கள். 1992இல் அவர்கள் தந்த மதிப்பீட்டின்படி இழப்பின் கனம் ஏறத்தாழ 2.25 மடங்கு. அதனால்தான் பரிசு தருவதாகச் சொல்வதைவிடக் கையிலிருக்கும் பணம் போகும் என்று சொல்வது கூர்மையாகக் குத்துகிறது.

சீட்டுக் கட்டிப் பழகிய வீடுகளுக்கு இதெல்லாம் பழைய சங்கதி. மாதம் ஒரு தொகையைத் தானாக எடுத்துவைக்க முடியாதவர்கள் சீட்டில் சேர்ந்தால் எப்படியோ கட்டிவிடுகிறார்கள். நாள் குறித்தாயிற்று, மற்றவர்கள் பார்க்கிறார்கள், தவறினால் அடுத்தவர் பணம் மாட்டிக்கொள்ளும். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் நாவா அஷ்ராஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் மூவரும் செய்த சோதனை இதையே வங்கிக் கணக்காக்கியது. தான் குறித்த நாள் வரையோ குறித்த தொகை சேரும் வரையோ எடுக்க முடியாத கணக்கு அது. அதற்கென்று கூடுதல் வட்டியும் கிடையாது. அழைக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் தங்கள் பணத்தைத் தாங்களே பூட்டிக்கொள்ளச் சம்மதித்தார்கள். 12 மாதம் கழித்துப் பார்த்தபோது, அழைப்புப் பெற்ற குழுவின் சேமிப்பு மற்றவர்களுடையதைவிட 81 சதவீதப் புள்ளி கூடுதலாக வளர்ந்திருந்தது. 2006இல் வெளிவந்த இந்த ஆய்வுதான் பிறகு வந்த பலவற்றுக்கும் தொடக்கம்.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு சோதனை இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஃப்ராங்க் ஷில்பாக் சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற 229 பேரிடம் மூன்று வாரம் நடத்தியது அது. 2019இல் வெளியானது. ஓட்டுநர்கள் தினமும் மாலை ஆய்வு அலுவலகத்துக்கு வந்து மூச்சுக் கருவியில் ஊத வேண்டும். ஒரு குழுவுக்குக் குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் 90 ரூபாய். இன்னொரு குழுவுக்குக் குடிக்காமல் வந்தால் 120, குடித்துவிட்டு வந்தால் 60. குடிக்காமல் வந்தவர்களின் விகிதம் 33 சதவீதம் உயர்ந்தது. எல்லாருக்கும் திறந்து கொடுத்திருந்த சேமிப்புக் கணக்கில் அந்தக் குழுவினரின் சேமிப்பும் ஏறக்குறைய 60 சதவீதம் கூடியது. இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. நிபந்தனை இல்லாத பணமா, குடிக்காமல் வந்தால்தான் முழுப்பணமா என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் பண இழப்பைத் தாங்கிக்கொண்டும் நிபந்தனையைக் கேட்டு வாங்கினார்கள். உழைத்து அலுத்து, உடல்வலிக்குக் குடிக்கிற மனிதர்கள் தங்களைப் பற்றி எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஏழைகளுக்குச் சுயக்கட்டுப்பாடு போதாது என்று சுலபமாகப் பேசுகிறவர்கள் படிக்க வேண்டிய ஆய்வு இது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பகலில் குடிப்பது குறைந்த அளவுக்கு மொத்தக் குடி குறையவில்லை. பெரும்பகுதி மூச்சுக் கருவியைத் தாண்டிய பிறகு, இரவுக்கு நகர்ந்தது. பணயம் எதை அளக்கிறதோ அதை மட்டுமே மாற்றும். சாதகத்தைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

மைசூரில் நடந்தது வேலையிடச் சோதனை. கணினியில் தரவு உள்ளிடும் ஊழியர்களிடம் சுப்ரீத் கவுர், மைக்கேல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் மூவரும் 13 மாதம் நடத்தினார்கள். ஊழியருக்கு உள்ளிட்ட அளவுக்குக் கூலி. அதோடு ஒரு விருப்பம் தரப்பட்டது. காலையில் தானே ஒரு இலக்கைக் குறித்துக்கொள்ளலாம். இலக்கை எட்டினால் வழக்கமான கூலிதான், ஒரு பைசா கூடுதல் இல்லை. எட்டாவிட்டால் பாதிக் கூலி. கணக்குப் பார்த்தால் இதில் யாருக்கும் லாபம் கிடையாது. ஆனாலும் வாய்ப்புக் கிடைத்த நாள்களில் 36 சதவீதம் ஊழியர்கள் இந்தக் கடினமான கூலியை எடுத்துக்கொண்டார்கள். உற்பத்தியும் உயர்ந்தது. அது தவிர, சம்பள நாள் நெருங்க நெருங்க ஊழியர்கள் பொதுவாகக் கூடுதலாக உழைத்தார்கள் என்பதும் பதிவாயிற்று. சம்பள நாள் நெருங்கும்போது உழைப்பு அதிகம் மாறியவர்கள்தான் இலக்கையும் அதிகம் கேட்டு வாங்கினார்கள். தன் சோம்பலை அறிந்தவர் தன்னைக் கட்டிக்கொள்கிறார். சேர்ந்த நாளிலேயே பெரும்பாலோர் இதைக் கண்டுகொள்ளவில்லை. அனுபவம் கூடக் கூட இது நடந்தது.

இதுவரை நல்ல செய்தி. இனி யார் இந்த ஒப்பந்தத்தில் சேர்கிறார்கள் என்று பார்த்தால் படம் மாறுகிறது. மிண்டனாவோவிலேயே புகைபிடிப்பவர்களிடம் சேவியர் கினே, டீன் கார்லன், ஜோனத்தன் சின்மன் செய்த சோதனையில், ஆறு மாதம் பணத்தைப் போட்டுவைத்துச் சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் திரும்பப் பெறலாம், தோற்றால் தர்ம காரியத்துக்குப் போய்விடும் என்றார்கள். சம்மதித்தவர்கள் 11 சதவீதம். அமெரிக்காவில் ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனத்தின் ஊழியர்களையும் அவர்களுடைய உறவினர், நண்பர்களையும் சேர்த்து 2,538 பேரிடம் ஸ்காட் ஹால்பர்ன் குழு நடத்திய சோதனையின் முடிவு 2015இல் வந்தது. வெறும் பரிசுத் திட்டத்தை ஏற்றவர்கள் 90 சதவீதம். சொந்தப் பணம் 150 டாலரை முன்பணமாக வைக்க வேண்டும் என்ற திட்டத்தை ஏற்றவர்கள் 13.7 சதவீதம் மட்டுமே. இதனால் ஆறு மாதம் புகையை விட்டவர்களின் விகிதம் பரிசுக் குழுவில் 15.7 சதவீதமாகவும் முன்பணக் குழுவில் 10.2 சதவீதமாகவும் இருந்தது. வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களிடம் அது 6 சதவீதம். ஆனால் எந்தத் திட்டத்தைக் கொடுத்திருந்தாலும் ஏற்றிருக்கக்கூடிய ஆட்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, முன்பணம் பரிசைவிட 13.2 சதவீதப் புள்ளி கூடுதல் பலன் தந்தது. மருந்து வலுவானது, குடிக்கச் சம்மதிப்பவர்கள் குறைவு.

இந்த முரண்பாட்டை நான் குறையாகப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் பரிந்துரைக்கும் பொதுத் திட்டமாகப் பணயம் தோற்றுப்போகும். தன்னைப் பற்றி அறிந்து, தானாக முன்வந்து, தன் தொகையைத் தானே குறித்துக்கொள்கிற ஒரு சிலருக்கு அது நல்ல கருவி. அலுவலகங்களும் பள்ளிகளும் இதை மேலிருந்து திணித்தால் முன்பணத்துக்குச் சொன்ன பலன் கிடைக்கும் என்று நம்ப முடியாது, ஏனென்றால் அந்தப் பலன் விரும்பி ஏற்றவர்களிடமிருந்து வந்தது.

விரும்பி ஏற்றவர்களும் தோற்கிறார்கள் என்பதுதான் வருத்தமான பகுதி. ஆனெட் ஜான் பிலிப்பைன்ஸில் ஒரு சேமிப்புத் திட்டத்தைச் சோதித்தார். தவணை தவறாமல் கட்ட வேண்டும், தவறினால் தானே முன்பு குறித்த அபராதம். சேர்ந்தவர்களின் வங்கிச் சேமிப்பு சராசரியில் நன்றாகவே உயர்ந்தது. ஆனால் 55 சதவீதம் பேர் பாதியில் தவறி அபராதத்தையும் இழந்தார்கள். அவர் கண்ட காரணம் கவனிக்கத்தக்கது. தங்களுக்குத் தடுமாற்றம் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும், ஆனால் அது எவ்வளவு பெரிது என்று தெரியவில்லை. ஆகையால் தங்களைத் தடுத்து நிறுத்தப் போதாத சிறிய அபராதத்தைக் குறித்துக்கொண்டார்கள். போதாத அபராதம் இரண்டு வகையிலும் நஷ்டம்: பழக்கமும் வராது, பணமும் போகும். இந்தியப் பஞ்சாபின் கிராமங்களில் இரத்த அழுத்த நோயாளிகள் மருத்துவரிடம் வருவதற்காக முன்பணம் வைத்த ஒரு சோதனையிலும் இதே கதை. ஒப்பந்தம் எடுத்தவர்களில் பலர் சொன்னபடி வரவில்லை, கட்டிய பணத்தை விட்டுவிட்டார்கள். ஏழைக் குடும்பத்தில் இது சிறிய விஷயம் இல்லை. பணயத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் பெரும்பாலும் தாண்டிப்போவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

பயிற்சி என்று வரும்போது சிக்கல் இன்னும் ஆழமாகிறது. புகையை விடுவது ஒன்றைச் செய்யாமலிருப்பது, சிறுநீரில் தெரிந்துவிடும். எடையைத் தராசு சொல்லும். சாதகத்தை எது சொல்லும்?

ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் இசைக் கழகத்தின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993இல் எழுதிய கட்டுரையிலிருந்து பத்தாயிரம் மணி நேரம் என்ற எண்ணை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டுரையின் உண்மையான கரு வேறு. தனக்கு வராத இடத்தைத் தேடி, அதில் கவனத்தைக் குவித்து, திருத்தித் திருத்தி வாசிப்பதுதான் தேர்ச்சியைத் தருகிறது என்றார்கள். அது களைப்பூட்டும் வேலை. மாணவர்களே அதை மிக அவசியம் என்றும், அதிக முயற்சி கேட்பது என்றும், அவ்வளவு இன்பமானதல்ல என்றும் மதிப்பிட்டார்கள். சிறந்த மாணவர்கள் இடைவெளி விட்டு, ஓய்வெடுத்து, பகலில் தூங்கியும்கூடப் பயிற்சி செய்தார்கள். இப்போது இதன்மேல் 'தினம் 60 நிமிடம், தவறினால் 500 ரூபாய்' என்ற ஒப்பந்தத்தை வைத்துப் பாருங்கள். இரவு பத்தரை மணிக்குக் களைத்த மாணவர் ஏற்கனவே நன்றாக வரும் கீர்த்தனையை மூன்று முறை வாசித்துவிட்டு 60 நிமிடத்தை நிரப்புவார். 500 ரூபாய் தப்பிவிடும். வராத கமகம் அப்படியே இருக்கும். சென்னையில் குடி இரவுக்கு நகர்ந்ததுபோல, இங்கே உழைப்பு சுலபமான இடத்துக்கு நகர்கிறது.

நிமிடத்தை விட்டுத் தரத்தை அளந்தால் என்ன என்று கேட்கலாம். தரத்துக்கு நடுவர் வேண்டும். ஆசிரியர் அந்த நடுவரானால், அவர் சொல்லும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு விலை வந்துவிடும். மாணவர் தன் பலவீனத்தை அவரிடம் மறைக்கத் தொடங்குவார். கற்றலில் அதைவிடக் கெட்டது வேறில்லை. ஆகவே பணயத்தை வைத்தால், மிகச் சிறிய, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு செயலின்மேல் மட்டும் வைக்க வேண்டும். மாலை ஏழு மணிக்குள் கருவியை எடுத்துச் சுருதி சேர்த்துப் பத்து நிமிடம் வாசிக்கத் தொடங்கிவிட்டாரா என்பது அப்படிப்பட்ட செயல். அதற்கு மேல் நடப்பதைப் பணம் தொடக் கூடாது. நல்ல வாசிப்பு வருகிற நாளில் பத்து நிமிடம் தானாக ஐம்பது ஆகும். வராத நாளில் பத்தோடு எழுந்துவிடலாம், குற்ற உணர்வு தேவையில்லை.

இத்தகைய ஒப்பந்தங்களுக்கென்று இருக்கும் இணையச் சேவைகளில் இரண்டு பரவலாகத் தெரிந்தவை. 2008இல் யேல் பல்கலைக்கழகத்தின் டீன் கார்லன், இயன் அயர்ஸ் ஆகியோர் தொடங்கிய 'ஸ்டிக்' அவற்றில் ஒன்று. அதில் இலக்கு, தொகை, நடுவர் மூன்றையும் நாமே குறிக்கிறோம். தோற்றால் பணம் யாருக்கு என்பதையும் நாமே சொல்லலாம்: நண்பருக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ, நாம் வெறுக்கிற கொள்கையைப் பரப்பும் அமைப்புக்கோ. கடைசி வகையில் இழப்பின் வலி கூடுதல் என்பது அதன் தர்க்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் வீணை வாசிக்காததற்காக வெறுப்பைப் பரப்பும் ஓர் அமைப்புக்குப் பணம் போவதால் பாதிக்கப்படுகிறவர்கள் வேறு யாரோ. என் ஒழுங்குக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

டேனியல் ரீவ்ஸும் பெத்தனி சோலும் நடத்தும் பீமைண்டர் இன்னொன்று. பயிற்சி நிமிடங்களின் கூட்டுத்தொகை ஒரு வரைபடத்தில் ஏற வேண்டிய கோட்டை அது வரைந்து காட்டும். கோட்டுக்குக் கீழே விழுந்தால் பணம் போகும். தோற்கத் தோற்கத் தொகை 5 டாலர், 10, 30, 90, 270 என்று ஏறும். இதன் அமைப்பில் நான் மதிக்கிற விஷயம் தொகையைவிட ஒரு விதி: இலக்கை எளிதாக்க நினைத்தால் மாற்றம் ஒரு வாரம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். இன்றைய சோம்பலுக்கு இன்றைய ஒப்பந்தத்தைத் தளர்த்தும் அதிகாரம் இல்லை. உண்மையிலேயே வாழ்க்கை மாறினால் ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஷெல்லிங்கின் இரண்டு ஆட்களுக்கும் உரிய மரியாதை கொடுத்த விதி இது. தொகை ஏறுவதும் அர்த்தமுள்ளதுதான். தனக்கு எவ்வளவு அபராதம் வலிக்கும் என்று தெரியாதவருக்கு, ஆனெட் ஜான் கண்ட அந்தச் சிக்கலுக்கு, தொகை தானாக ஏறி விடை கண்டுபிடிக்கிறது. ஆனால் இழந்த பணம் சேவையை நடத்துகிறவர்களுக்கே போகிறது. அதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள் என்றாலும், பயனர் தோற்றால் வருமானம் வரும் தொழிலுக்கு உள்ளேயே ஒரு உறுத்தல் இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ யாராவது இதுபோன்ற செயலி ஒன்றை நாளை தொடங்கினால், பணம் எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அபராதம் விலையாக மாறிவிடும் ஆபத்தும் உண்டு. யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்திச்சினி இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர்போனது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் நடந்தது அது. மாலையில் குழந்தையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் 10 ஷெக்கல் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்கானது. அதுவரை காத்திருக்கும் ஆசிரியையை நினைத்து ஓடிவந்தவர்கள், இப்போது பத்து ஷெக்கலுக்குக் கூடுதல் நேரம் வாங்கிக்கொண்டார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. சாதகத்திலும் இது நடக்கும். 'இன்று 100 ரூபாய் போகட்டும்' என்று மனம் ஒருமுறை சொல்லிவிட்டால், அதுவரை இசையோடு இருந்த கடமை ஒரு கொடுக்கல் வாங்கலாகிறது. சிறிய தொகையில் இது சுலபமாக நடக்கும். ஆகையால் தொகை, கட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றாத அளவுக்குப் பெரிதாகவும், இழந்தால் வீட்டுச் செலவு பாதிக்காத அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே இடமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். மாத இறுதியில் கடன் வாங்குகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

குழந்தைகளுக்கும் வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் நடத்திய சோதனை 1973இல் வெளிவந்தது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கனவே ஆசை கொண்ட குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். தானாக வந்த ஆசைக்கு ஒரு கூலி வைத்தாகிவிட்டது, கூலி நின்றதும் ஆசையும் தளர்ந்தது. பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளையின் உண்டியல் காசைச் சாதகம் செய்யாததற்காகப் பிடித்துவைக்கிற பெற்றோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். பெரியவர் தன்னைத் தானே கட்டிக்கொள்வதும் பிள்ளையை நாம் கட்டுவதும் முற்றிலும் வேறான செயல்கள்.

பணயம் முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது? இந்தக் கேள்விக்குத்தான் ஆய்வுகள் பல திசையில் இழுக்கின்றன. கெவின் வோல்ப் குழு 57 பேரிடம் 16 வாரம் எடைக் குறைப்புச் சோதனை நடத்தி 2008இல் வெளியிட்டது. முன்பணம் வைத்தவர்கள் சராசரியாக 14 பவுண்டு குறைந்தார்கள், ஒப்பீட்டுக் குழுவினர் 3.9 பவுண்டு. ஏழாம் மாதம் பார்த்தபோது குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. கேரி சார்னஸும் க்னீசியும் மாணவர்களுக்குப் பணம் கொடுத்து எட்டு முறை உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரவழைத்தபோது, பணம் நின்ற பிறகும் வருகை நீடித்தது என்று 2009இல் எழுதினார்கள். அதேபோன்ற சோதனையைத் திரும்பச் செய்த டான் ஆக்லாண்டும் மேத்யூ லெவியும், குளிர்கால விடுமுறைக்குப் பின் அந்தப் பழக்கம் ஏறக்குறைய முழுவதும் கரைந்ததைக் கண்டார்கள். ஹெதர் ராயர் குழு ஒரு பெரிய நிறுவனத்தில் செய்த ஆய்வு 2015இல் வந்தது. முதலில் சில வாரம் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அது முடிந்ததும், சொந்தப் பணத்தைப் பணயம் வைத்துத் தொடர விருப்பமா என்று ஒரு குழுவிடம் மட்டும் கேட்டார்கள். 12 சதவீதம் பேர்தான் சரி என்றார்கள். ஆனாலும் அந்தக் குழுவின் வருகையே நீண்ட காலம் நீடித்தது.

லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சிறிய செயல் தானியங்கிப் பழக்கமாக ஆவதற்கு எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அவர் கண்டார். பணய ஒப்பந்தங்களை எழுதுகிறவர்கள் இதை அநேகமாக மறந்துவிடுகிறார்கள். ஒரு நாள் தவறினால் தொகை முழுவதும் போய்விடும் என்று எழுதுகிறார்கள். போன பிறகு மறுநாள் உட்கார என்ன காரணம் இருக்கிறது?

கேத்தரின் மில்க்மன், ஏஞ்சலா டக்வொர்த் உள்ளிட்டோர் 24 ஹவர் ஃபிட்னெஸ் என்ற அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் 61,293 உறுப்பினர்களிடம் 54 விதத் திட்டங்களை ஒரே சமயத்தில் நான்கு வாரம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். பல திட்டங்கள் அந்த நான்கு வாரம் வருகையை உயர்த்தின, முடிந்த பிறகும் நிலைத்தவை மிகச் சிலவே. 54இல் முதலிடம் பிடித்தது ஒரு எளிய திட்டம்: குறித்த நாளைத் தவறவிட்டவர் அடுத்த முறை திரும்பி வந்தால் ஒன்பது சென்ட் கூடுதல். ஒன்பது சென்ட் என்பது நமக்குச் சில ரூபாய். தவறிய மறுநாள் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் கொடுத்ததுதான் அங்கே வேலை செய்தது. பெரிய பணயத்தைவிட இந்தச் சிறு தொகை எனக்கு அதிகம் கற்றுத் தருகிறது.

ஆகவே சாதகத்துக்கென்று ஒரு ஒப்பந்தம் எழுத நினைக்கும் பெரியவருக்கு நான் சொல்வது இப்படி இருக்கும். தொகையை நிறுவனத்திடம் தராமல் நம்பிக்கையான நண்பரிடம் தரலாம். அவர் இசை தெரிந்தவராக இருக்கக் கூடாது, தரத்தைப் பற்றி அவர் பேசவும் கூடாது. மாலை குறித்த நேரத்துக்குள் கருவியோடு உட்கார்ந்ததற்குச் சான்றாகச் சுருதி ஒலிக்கும் சில நொடிக் குரல்பதிவு போதும். வாரத்தில் ஒரு நாள் கேள்வியில்லாமல் விடுப்பு. காய்ச்சலும் பயணமும் பணயத்தில் வராது. ஒரு நாள் தவறுவதற்கு அபராதம் கிடையாது, அடுத்தடுத்து இரண்டு நாள் தவறினால்தான் பணம் போகும். போவதும் மொத்தத் தொகையின் ஒரு பங்குதான், மீதம் மறுநாளுக்காக நிற்கும். போன பணம் இருவருக்கும் பிடித்த ஒரு நூலகத்துக்கோ அன்னதானத்துக்கோ போகட்டும். நிபந்தனையை மாற்ற நினைத்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். முக்கியமாக, ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவுநாள் வேண்டும். மூன்று மாதம் போதும். அதன் பிறகு பணயமே இல்லாமல் ஒரு மாதம் வாசித்துப் பார்க்க வேண்டும். அந்த மாதத்திலும் பெட்டி பெரும்பாலும் மூடியே இருந்தால், தொகையை இரட்டிப்பாக்கி இன்னொரு ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் ஆசிரியரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்: பாடம் தகுதிக்கு மீறிக் கடினமாக இருக்கிறதா, குறித்த நேரம் வீட்டுக்கு ஒத்துவராத நேரமா, அல்லது உண்மையில் வேண்டியிருப்பது வேறு கருவியா என்று.